இழுப்பறைக்கு வந்த புத்தகங்கள்

அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் திருத்தக்கா. மெய்ப்புத் திருத்துவது அவள் வேலை. அது போதாதென்று கையில் கிடைத்ததையெல்லாம் திருத்துவாள். மெஷின்காரர் விடுப்புக் கேட்டு எழுதிய சீட்டில் 'வயிற்று வலி', 'வயிற்று வழி' ஆகியிருந்தால், அதைச் சிவப்பு மையில் சுழித்துச் சரிசெய்த பிறகுதான் மேலாளரின் மேசைக்கு அனுப்புவாள். இருபத்து மூன்று வருடமாக இதே அறை, இதே நாற்காலி. தலைமை பைண்டர் அவளைவிட எட்டு வயது மூத்தவர். அவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை அண்ணே என்பாள். இதில் ஏதோ இடிக்கிறதே என்று இருவருக்கும் ஒரு நாளும் தோன்றியதில்லை.

வேலைக்குப் படிப்பது வேறு, தனக்காகப் படிப்பது வேறு என்று அவளுக்குள் ஒரு சுவர் இருந்தது. பகலில் எழுத்து எழுத்தாகக் கொத்துவாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பக்கம் பக்கமாக விழுங்குவாள். மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பைண்டிங் கூடத்துக்குப் போய்விடுவாள். கட்டடத்திலேயே நீளமான மேசை அங்கேதான் இருந்தது. தாள் மடிக்கும் பெண்கள் இருவர், மெஷின்காரர், பைண்டர் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது, அந்த வாரம் படித்த கதையைச் சொல்வாள். மணி அடித்தால் பாதி வாக்கியத்திலேயே நிறுத்திவிட்டு எழுந்து போவாள். மறுநாள் அந்த வாக்கியத்தின் மீதியிலிருந்து ஆரம்பிப்பாள்.

எட்டு மாதங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர் வந்தது. நூற்றுத் தொண்ணூற்றாறு பக்கம். அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு பிழைகளைப் பிடித்தாள். மாணவர்களின் கவிதைகளில் ஒற்று மிகும் இடம், மிகா இடம்வரை ஒன்றையும் விடவில்லை. மலர் அச்சாகி, மடிந்து, தைத்து, வெட்டி, நாலாயிரம் பிரதிகள் பள்ளிக்கூடத்துக்குப் போய் இறங்கின. மறுநாள் காலை தலைமையாசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். முன்னட்டையில், உள்ளங்கை அகல எழுத்தில், 'நம் பல்லியின் ஐம்பது ஆண்டுகள்' என்று இருந்தது.

அட்டையை அவளும் பார்த்திருந்தாள், மேலாளரும் பார்த்திருந்தார், அந்தத் தலைமையாசிரியரே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். பெரிய எழுத்து எப்போதுமே அப்படித்தான், யார் கண்ணிலும் படாது. ஆனால் அது அவள் நாற்காலியின் வேலை. நாலாயிரம் அட்டைகளையும் கிழித்துவிட்டுப் புது அட்டை ஒட்டினார்கள். மேலாளர் கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தாங்கியிருக்கும். அவர், "விடும்மா, நடக்கறதுதான்," என்றார். அந்த மென்மைதான் அவளுக்கு உறுத்தியது. இவ்வளவு நல்லவராக இவர் எப்போது ஆனார்? போதாததற்கு, பிழையான பிரதி ஒன்று அவருடைய கண்ணாடி அலமாரியில், சுழற்கேடயத்துக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தாள். எதற்கு எடுத்து வைத்திருக்கிறார்? என்றைக்கு எடுத்துக் காட்டப் போகிறார்?

அதற்கப்புறம் யார் பல்லி மாதிரி நாக்கைத் தட்டி 'ச்சு' என்றாலும் அவளுக்குச் சுரீர் என்றது. மெஷின்காரருக்குப் பல்லில் ஏதாவது சிக்கினால் 'ச்சு ச்சு' என்று உறிஞ்சுவார், பல வருடப் பழக்கம். இப்போது அது தன்னைப் பார்த்துச் செய்யும் கிண்டலாகவே அவளுக்குப் பட்டது. மதியச் சாப்பாட்டைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டாள்.

வீட்டில் புத்தகத்தைத் திறந்தால், இருந்த சுவர் இடிந்துபோயிருந்தது. கண் கதைக்குள் போகாமல் எழுத்தைத் துழாவியது. 'ள' சரியா, 'ல' சரியா, இந்த 'ர' வல்லினமா, இடையினமா? பக்கத்தின் அடிக்கு வந்து சேரக் கால் மணி நேரம் ஆகும். மேலே என்ன நடந்தது என்று யோசித்தால் ஒன்றுமே நினைவில் இருக்காது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் இதைக் கவனித்துவிட்டு, ஒரு நாள் செங்கல் மாதிரி ஒரு நாவலை வாங்கி வந்தார். தொள்ளாயிரம் பக்கம்.

"இதுக்குப் பரிசெல்லாம் குடுத்திருக்காங்களாம். கடைக்காரர் சொன்னார்."

"ஏங்க, கல்யாணமாகி இருபது வருஷத்துல நீங்க எனக்குப் புத்தகம் வாங்கினதே இல்லையே. யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யார் என்ன சொல்லப் போறாங்க? நீ சும்மா சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கே. அதான்."

மூன்று முறை முயன்று மூன்று முறையும் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நின்றாள். அதுவரைக்கும் அந்த நாவலின் கதாநாயகர் படுக்கையை விட்டே எழுந்திருக்கவில்லை. இது படிக்கிற வயது முடிந்துபோனதன் அடையாளம் என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் எதிர்மேசைக்கு ஒருத்தி வந்து சேர்ந்தாள். இருபத்தாறு வயது, காதில் எப்போதும் எதையாவது மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடியே திருத்துவாள். வேகமும் இருந்தது, தப்பும் வரவில்லை. ஓர் அறையில் இரண்டு திருத்துநர்களுக்கு வேலை கிடையாது என்பது திருத்தக்காவுக்குத் தெரியும். ஆக, ஒருத்தி போகப் போகிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, சிவப்புப் பேனாவை எடுக்க இழுப்பறையைத் திறந்தவளின் கை அப்படியே நின்றது. உள்ளே ஒரு சின்னப் புத்தகம். புதிதாகப் போட்ட பழுப்பு நிறத் துணி பைண்டிங். முதுகில் தலைப்பு இல்லை, முதல் சில பக்கங்களும் கிழிந்து போயிருந்தன. பதினேழாம் பக்கத்தில் ஊர் நூலகத்தின் முத்திரை.

நூலகத்துப் பழைய புத்தகங்கள் பைண்டிங்குக்கு வருவது வழக்கம். எண்ணி வரும், எண்ணிப் போகும். கூடத்தை விட்டு அவை வெளியே வரக்கூடாது என்பது விதி. முன்பு ஒரு முறை ஒன்று குறைந்தபோது, மேலாளர் ஒவ்வொருவர் இழுப்பறையையும் திறந்து பார்த்திருக்கிறார்.

அவள் பேனாக்களைப் புரட்டுவது போலப் புரட்டினாள்.

"என்ன அக்கா தேடுறீங்க?" என்றாள் எதிர்மேசைக்காரி.

"என் இழுப்பறையை யாராவது திறந்தாங்களா?"

"நான் பார்க்கலையே. ஏதாவது காணாம போச்சா?"

"காணாம போகலை. அதான் பிரச்சனை."

எதிர்மேசைக்காரி புரியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் திருத்தக்கா மனதில் குறித்து வைத்துக்கொண்டாள். மேலாளரிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம்தான். "உன் மேசைக்கு எப்படிம்மா வந்துது?" என்று அவர் அதே மென்மையோடு கேட்பார். வேண்டாம். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் புத்தகத்தை வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். வைத்தவர் யார் என்பதற்கு அதற்குள்ளேயே ஏதாவது துப்பு இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை துணிகளைச் சலவை மெஷினில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். பென்சில் குறி, மடித்த மூலை, செருகிய சீட்டு எதையாவது தேடி ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒருவேளை விஷயமே கதையில்தான் இருக்கிறதோ என்று படிக்க ஆரம்பித்தாள். வீடு வீடாக மின் மீட்டர் பார்க்கப் போகும் ஒருவர், இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டில் மீட்டர் விறுவிறுவென்று ஓடுவதைப் பார்க்கிறார். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் ஆளுக்கொரு பதில். வாட்ச்மேன் மட்டும் பதிலே சொல்லாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்கிறான். அத்தியாயம் ஒவ்வொன்றும் நாலே பக்கம். சரி, இதை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று நினைக்கும் இடத்தில் எவனாவது வந்து கதவைத் தட்டுகிறான்.

"என்னம்மா, துணியெல்லாம் மெஷினுக்குள்ளேயே நாறுது," என்று கணவர் வந்து நின்றபோது மணி ஒன்றரை. அவள் கடைசிப் பக்கத்தில் இருந்தாள். கால் மரத்துப் போயிருந்தது.

அந்தச் சந்தோஷம் பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. மூடும்போது தற்செயலாக ஐம்பத்திரண்டாம் பக்கம் விரிந்தது. 'கதவு' என்பது 'கவது' என்று அச்சாகியிருந்தது. அந்தப் பக்கத்தை அவள் படித்திருக்கிறாள், பிழை கண்ணில் படவே இல்லை. பொறி இதுதானா! பிழையுள்ள ஒரு புத்தகத்தை வைத்துவிட்டு, இவள் கண் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். உடனே முதலிலிருந்து ஆரம்பித்து, இந்த முறை விரலை வரிக்கு அடியில் வைத்துத் துருவி, பதினொரு பிழைகளைப் பிடித்தாள். பக்க எண், வரி எண், பிழை, திருத்தம் என்று ஒரு தாளில் சுத்தமாக எழுதிப் புத்தகத்துக்குள் வைத்தாள். திங்கட்கிழமை அதை அதே இழுப்பறையில் போட்டுவிட்டு, வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள் என்பது போலக் கொஞ்சம் திறந்தே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அந்தப் புத்தகம் இல்லை. அந்த இடத்தில் இன்னொன்று இருந்தது. அதே பழுப்புத் துணிதான், ஆனால் திறந்ததும் அவளுக்கு முகம் சிவந்தது. கட்டைவிரல் பருமனுக்கு எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம். தொலைந்த செருப்பைத் தேடிக் கிளம்பும் ஒரு வாத்தின் கதை.

பதினொரு பிழை போதவில்லை போலிருக்கிறது. இனி உன் அளவு இதுதான் என்று சொல்கிறார்கள். எதிர்மேசைக்காரியைப் பார்த்தாள். அவள் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே திருத்திக்கொண்டிருந்தாள். எவ்வளவு நெஞ்சழுத்தம்!

அன்று பேருந்தில், திருத்த எடுத்துப் போன சட்டத் தொகுப்பின் தாள்களுக்கு நடுவே வாத்தை வைத்துப் படித்தாள். வாத்து ஒவ்வொரு கடையாக ஏறி, "என் செருப்பு உங்க காலுக்கு வந்துச்சா?" என்று மரியாதையாகக் கேட்கிறது. கடைசியில் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுக்கிறது. 'காணாமல் போன செருப்பின் அடையாளம்?' என்று கேட்டால், 'என் கால்' என்கிறது. திருத்தக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். 'நில உச்சவரம்புத் திருத்தச் சட்டம்' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

வாத்தையும் இழுப்பறையில் திருப்பி வைத்தாள்; மூன்றாவது புத்தகம் அடுத்த வாரம் வந்தது. இரண்டு சகோதரிகள் ஒரு தையல் மெஷினுக்காகச் சண்டை போட்டு ஒருவருக்கொருவர் எழுதும் கடிதங்கள். இதற்குள் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். மூன்றுமே சின்னப் புத்தகங்கள், மூன்றுமே எளிதானவை, மூன்றிலும் அவள் வழுக்கிக்கொண்டு போகிறாள். யாரோ இதைத் திட்டம்போட்டுத்தான் செய்கிறார்கள். இவ்வளவு மெனக்கெடுகிறவருக்கு என்ன லாபம்? லாபமில்லாமல் எவர் செய்வார்? கையும் களவுமாகப் பிடித்துவிடுவதென்று தீர்மானித்தாள்.

வியாழக்கிழமை, வேலை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்தாள். வாயில் காவலரிடம் அவசர வேலை என்றாள். அவள் அறையின் மூலையில் தாள் கட்டுகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அதன் பின்னால் ஒரு கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஐந்து நிமிடம் கதவையே பார்த்தாள். பத்து நிமிடம் பார்த்தாள். சும்மா இருப்பானேன் என்று பையிலிருந்து சகோதரிகளை எடுத்தாள்.

பெரியவள் எழுதியிருந்தாள்: மெஷினை அனுப்பிவிட்டேன், ஊசியை அனுப்பவில்லை, அது என் சொந்த ஊசி. திருத்தக்கா 'கொக்' என்று சிரித்தாள்.

"யாரது?" என்று யாரோ அலறினார்கள். அதைத் தொடர்ந்து ஏதோ கீழே விழுந்தது.

எட்டிப் பார்த்தால், அவள் மேசைக்கு முன்னால் தலைமை பைண்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். காலடியில் ஒரு பழுப்பு நிறப் புத்தகம்.

"அண்ணே! நீங்களா?"

"அக்கா! உயிரே போயிடுச்சு. அங்க என்ன பண்றீங்க?"

"அதை நான் கேக்கணும். யார் அனுப்பினாங்க? மேலாளர் சாரா? என் வேலைக்கு உலை வைக்க உங்களுக்கு என்ன குடுக்கறேன்னாங்க?"

பைண்டர் குனிந்து புத்தகத்தை எடுத்து, அதன் மூலை நசுங்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகுதான் அவளைப் பார்த்தார். பேசத் தெரியாத மனிதர், பேச வேண்டி வந்தால் கழுத்தைச் சொறிவார். இப்போதும் சொறிந்தார்.

"படகுத்துறையில சீட்டு குடுக்கறவ ஒருத்தி கதை சொன்னீங்கள்ல அக்கா? செத்துட்டான்னு எல்லாரும் சொன்ன புருஷன் வரிசையில வந்து நிக்கறான். கையை நீட்டறான். அப்போ மணி அடிச்சுது. மறுநாள்தான் அந்த அட்டை விவகாரம். எட்டு மாசமா அவன் கையை நீட்டிட்டே நிக்கறான் அக்கா. எங்களுக்குச் சோறு இறங்கலை."

அவள் தாள் கட்டுகளின் பின்னாலிருந்து வெளியே வந்தாள். ஆனாலும் விடவில்லை. "என்கிட்ட நேரா வந்து கேக்கறதுதானே?"

"கேட்டா நீங்க வருவீங்களா? யாராவது 'ச்சு'ன்னா முறைக்கறீங்க. உங்க வீட்டுக்காரர் எங்க பக்கத்துக் கட்டடத்துல லிஃப்ட் பாக்க வந்தப்ப விசாரிச்சேன். இப்பல்லாம் அவ படிக்கறதே இல்லைன்னு சொன்னார். அப்பதான் புரிஞ்சுது. படிச்சாத்தானே சொல்லுவீங்க."

"உங்களுக்குத்தான் சரியா படிக்க வராதே. இந்தப் புத்தகங்களை யார் தேர்ந்தெடுத்தாங்க?"

"எழுத்துக் கூட்டி முதல் வரியை முடிக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும் எனக்கு. ஆனா புத்தகத்தைப் பார்த்தா தெரியும்ல." புத்தகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, தாள்களின் ஓரத்தைக் காட்டினார். "இங்க பாருங்க. விரல் பட்ட அழுக்கு. முதல் பக்கத்துலேர்ந்து கடைசிவரைக்கும் ஒரே மாதிரி கருப்பா இருக்கு. எடுத்தவங்க எல்லாரும் முடிச்சிருக்காங்க. சில புத்தகத்துல முன்னாடி கொஞ்சம் தூரம்தான் கருப்பு, மிச்சமெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கும். அதெல்லாம் பாதியில விட்டது. நான் இந்த மாதிரி முழுசும் அழுக்கானதா பொறுக்கினேன். அந்த வாத்து மூணு தடவை என்கிட்ட வந்திருக்கு, மூணு தடவையும் முதுகு பிஞ்சு."

"நான் பதினொரு பிழை எழுதி வெச்சேனே, அது?"

"அதான் எனக்கு மனசு கஷ்டமா போச்சு. வரியை எண்ணினா பதினொரு குறை சொல்லியிருக்காங்களே, இது கஷ்டமா இருந்திருக்கும் போலன்னுதான் அதைவிட லேசா ஒண்ணு வெச்சேன்."

"கணக்குல குறையாதா?"

"பசை காயறதுக்கு ஒரு வாரம் அதிகமாகும்னு நூலகக்காரர்கிட்ட சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டார்."

நம்பும்படியாகத்தான் இருந்தது. நம்பும்படியாக இருப்பதாலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. இருபத்து மூன்று வருடமாக எதையும் ஒரு முறை பார்த்து ஒப்புக்கொண்டதில்லை அவள். ஒரு முறை ஒப்புக்கொண்டது அட்டையில் வந்து நின்றது. "வாங்க," என்று அவரை அழைத்துக்கொண்டு பைண்டிங் கூடத்துக்குப் போனாள். நூலகத்திலிருந்து வந்த புத்தகங்கள் அங்கே சுவரோரம் குவிந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஓரத்தைப் பார்த்தாள். ஒரு சமையல் புத்தகம், அதில் இனிப்புப் பகுதி மட்டும் கருப்பு. ஒரு தத்துவ நூல், முன்னுரையோடு அழுக்கு நின்றுவிட்டது. ஒரு திகில் கதை, கடைசி இருபது பக்கம் மற்றதைவிடக் கருப்பு. யாரோ முடிவை முதலில் படித்திருக்கிறார்கள், ஒருவர் அல்ல, பல பேர். குவியலின் அடியில் அவள் கணவர் வாங்கிய அதே தொள்ளாயிரம் பக்க நாவலும் இருந்தது, அட்டை வெயிலில் வெளுத்துப் போய். ஓரத்தைத் திருப்பினாள். முன்பக்கத்தில் மெல்லிய சாம்பல் கோடு, அப்புறம் சுத்தம். கோடு முடியும் இடத்தில் விரலை விட்டுத் திறந்தாள். முப்பத்தெட்டாம் பக்கம்.

"அண்ணே, நான் நாப்பத்தொண்ணு வரைக்கும் போனேன்," என்றாள்.

"பெரிய விஷயம் அக்கா," என்றார் பைண்டர், நிஜமாகவே.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு கண்ணிலும் ஏதோ வந்தது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

அன்று மதியம் டப்பாவோடு கூடத்துக்குள் நுழைந்தபோது மெஷின்காரர் எழுந்து இடம் விட்டார். தாள் மடிக்கும் பெண்களில் பெரியவள் வாயைத் திறந்ததுமே கேட்டாள்: "புருஷன் கையை நீட்டினானே அக்கா, சீட்டு குடுத்தாளா இல்லையா?"

திருத்தக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கும் தெரியாது. அதுவரைக்கும்தான் அப்போ படிச்சிருந்தேன். அப்புறம் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன்."

மெஷின்காரர் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் திரும்ப டப்பாவில் வைத்தார்.

"முடிவே தெரியாமத்தான் தினமும் எங்களை இழுத்தடிச்சீங்களா?" என்றாள் பெரியவள். "இதுக்கு முன்னாடி சொன்னதெல்லாமாவது முழுசா படிச்சுட்டுத்தான் சொன்னீங்களா?"

இப்போது நாலு ஜோடிக் கண்கள் அவளைச் சந்தேகமாகப் பார்த்தன. அவளுக்கு அது பிடித்திருந்தது. "அதைத் தேடிப் பிடிச்சுப் படிச்சுட்டு வந்து சொல்றேன். இப்போ வேற ஒண்ணு சொல்றேன், இதுக்கு முடிவு தெரியும், சத்தியமா," என்று மீட்டர் பார்ப்பவர் கதையை ஆரம்பித்தாள். எதிர்மேசைக்காரியும் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். இவளைப் பற்றித் திருத்தக்காவின் எண்ணம் இன்னும் முழுதாக மாறவில்லை. என்றாலும் ஊறுகாயை அவள் பக்கம் நகர்த்தினாள்.

வாட்ச்மேன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காரும் இடத்தில் மணி அடித்தது. அவள் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நாலு மணிக்கு, தாள் மடிக்கும் பெரியவள் கையில் ஏதோ ஒரு தாளை வைத்துக்கொண்டு திருத்தும் அறைக்கு வந்தாள். அந்தத் தாளில் திருத்த ஒன்றுமே இல்லை.

"அக்கா, அந்த வாட்ச்மேன்தானே?"

"நாளைக்குச் சொல்றேன்."

"சொல்லவே வேண்டாம், தலையை மட்டும் ஆட்டுங்க."

"நாளைக்கு."

"அவன்தான் அக்கா," என்றாள் அவள், கதவருகே நின்று குரலைத் தாழ்த்தி. "எனக்கு அவன் மூஞ்சியே சரியா படலை."